எக்ஸ்பிரஸ் நிற்காத ஊரின் கல்லூரி

விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே ஆட்கள் பிளாட்பாரத்தில் கும்பலாக நிற்பதற்கு வழக்கமாக இரண்டே காரணங்கள். பெரிய அதிகாரி யாராவது வர வேண்டும். அல்லது ஓய்வு பெற்றவர் யாராவது மாலையும் கழுத்துமாக ஊருக்குக் கிளம்ப வேண்டும். 1946ஆம் வருஷம் ஜூன் கடைசியில் ஒரு காலை, மூன்றாவதாக ஒரு காரணம் கிடைத்தது. வடக்கு கேபினில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்த ராயப்பனின் மகள் லூர்துமேரி காலேஜுக்குப் போகிறாள்.

லோகோ ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் பெரும்பாலும் வேதக்காரக் குடும்பங்கள், கிறிஸ்தவர்கள். கரி அள்ளுகிறவர்கள், தண்டவாளத்துக்குக் கல் இடிக்கிறவர்கள், எஞ்சின் துடைக்கிறவர்கள். அவர்களுடைய பாட்டன்மார் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் பிறர் வயலில் உழைத்தவர்கள். ரயில் வந்ததும் சேற்றிலிருந்து இரும்புக்கு மாறியவர்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பையன்கூட அதுவரை காலேஜுக்குப் போனதில்லை. முதலில் போவது ஒரு பெண் என்பதில் சிலருக்கு ஆச்சரியம் இருந்தது. வருத்தப்பட்டவர்கள் இருந்தால் அன்று பிளாட்பாரத்துக்கு வரவில்லை.

"எழும்பூர்ல எறங்கினா காலேஜுக்கு டிராம் போவுமா ராயப்பா?" என்று கேட்டார் எஞ்சின் துடைக்கும் தொம்மை.

"போவும், போவும்."

"எந்த நம்பரு?"

"அங்க போய்ப் பார்த்துக்கினா தெரிஞ்சிடும். நீ ஏன் இப்பவே பேஜாரு பண்றே?"

உபதேசியார் சவுரிராயன் கையை உயர்த்தி ஜெபம் சொன்னார். பங்குச்சாமியார் வர முடியாத நாட்களில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர் அவர். குரல் பிளாட்பாரத்தின் மறுகோடி வரை கேட்கும். பட்டணத்துச் சோதனைகள் எல்லாவற்றிலிருந்தும் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டார். சோதனைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லத் தொடங்கியபோது எக்ஸ்பிரஸ் உள்ளே வந்துவிட்டது.

லூர்துமேரி தலை குனிந்தபடியே அப்பாவைப் பார்த்தாள். ராயப்பன் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பட்டணத்துக்குப் போகவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, அவள் அப்பாவுக்கு, அம்மா செபஸ்தியம்மாளுக்கு.

திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் லூர்துமேரி. அங்கே தலைமையில் இருந்த மதர் தெரேசியா அவளுக்காகச் சென்னையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இடம் பேசி வைத்தார். காலையில் அநாதைப் பிள்ளைகளின் சமையல்கட்டில் உதவி செய்துவிட்டுப் பகலில் வகுப்புக்குப் போகலாம். படித்து முடித்ததும் ஆசிரியைப் பயிற்சி. பிறகு மடம் எங்கே அனுப்புகிறதோ அங்கே வேலை. மதர் அன்போடு செய்த ஏற்பாடு அது. சேதி வந்த அன்றே ராயப்பன் கேபினிலிருந்து லோகோ ஷெட் வரைக்கும் நடந்துபோய் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சென்னை வரைக்கும் ரயில்வே பாஸும் எழுதி வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆலேரிப்பாக்கம் குறுக்கே வந்தது.

விக்கிரவாண்டியைத் தாண்டி, மயிலத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன ஸ்டேஷன் ஆலேரிப்பாக்கம். யுத்த காலத்தில் அங்கே ராணுவம் முகாம் போட்டிருந்தது. யுத்தம் முடிந்து அவர்கள் போனதும், விட்டுப்போன தகரக் கொட்டகைகளில் சர்க்கார் ஒரு இன்டர்மீடியட் கல்லூரி திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி வளைந்த கொட்டகைகள், நடுவில் ஒரு புளியமரம், பின்னால் ஏரி. மே மாதத்தில் ஒரு நாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று லூர்துமேரி அடம்பிடித்து அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள்.

பிரின்சிபால் விருத்தாசலம் பனியனோடு நின்று பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலிகளைக் காட்டினார். ராயப்பன் உட்காரத் தயங்கினார். "உட்காருங்க, மூணு நாற்காலிதான் வந்திருக்கு. நாம மூணு பேர்தான் இருக்கோம்" என்றார் பிரின்சிபால். பிறகு லூர்துமேரியிடம் திரும்பி, "என்ன படிக்க ஆசைப்படறே?" என்று கேட்டார்.

என்ன படிக்கலாம், என்ன ஆகலாம் என்று அவளிடம் பலர் சொல்லியிருந்தார்கள். என்ன ஆசை என்று யாரும் கேட்டதில்லை.

"சரித்திரம்" என்றாள்.

"ஏன்?"

"ரெயில்ரோடு ஏன் விழுப்புரம் வழியா வந்துதுன்னு தெரிஞ்சிக்கணும் சார். செஞ்சி பெரிய ஊரு, கோட்டை இருக்குது. அங்க போவாம எங்க ஊருக்கு ஏன் வந்துது?"

"எனக்குத் தெரியாதும்மா. இங்கே சரித்திரத்துக்கு ஒருத்தர், தர்க்கத்துக்கு ஒருத்தர், பொருளாதாரத்துக்கு ஒருத்தர் வரப்போறாங்க. அவங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். நீ கண்டுபிடிச்சா நாங்க எல்லாரும் தெரிஞ்சுக்கலாம்."

திரும்பி வரும் வண்டியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். ராயப்பன் ஒரு வாரம் பேசிப் பார்த்தார். அவளுடைய மார்க்குக்கு ஆலேரிப்பாக்கத்தில் இடமும் கிடைத்தது; அவள் மதருக்கு அதை எழுதியும்விட்டாள். அதன்பிறகு அவர் பேசுவதை நிறுத்தினார். ஆனால் ஊரில் யாரிடமும், சென்னை இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, வழியனுப்பும் காலையே வந்துவிட்டது.

"யப்பா, பாசஞ்சர்ல போனா நேரா ஆலேரிப்பாக்கத்துல எறங்கிடலாமே" என்றாள் லூர்துமேரி அன்று விடிந்ததும்.

"பாசஞ்சர்ல மெட்ராஸ் போறேன்னா எவன் நம்புவான்?"

"மெட்ராஸ் போறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. நான் சொல்லிட்டேன்." ராயப்பன் வெளுத்த சட்டையின் பித்தானைப் போட்டார். "எக்ஸ்பிரஸ்ல ஏறு. தாண்டவராயன் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வளையம் மாத்தறப்ப நிறுத்திடுவான்."

அது ரயில்வே ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு. ஒற்றைத் தண்டவாளம் என்பதால், நிற்காத வண்டியும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேகத்தைக் குறைத்து, அடுத்த பகுதிக்குப் போக அனுமதியான டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். டோக்கனை ஒரு பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து பிளாட்பாரத்தில் ஒருவர் தூக்கிப் பிடிப்பார். பயர்மேன் எஞ்சினிலிருந்து கையை நீட்டி அதை வளைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் டிரைவர் மனசு வைத்தால் வண்டி மாட்டுவண்டி மாதிரி நகரும். தண்டவாளம் பராமரிக்கும் கேங் ஆட்கள், அவர்கள் மனைவிமார், ஆட்டுக்குட்டிகள்கூட அப்படி இறங்கியிருக்கின்றன. கார்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். எக்ஸ்பிரஸ் டிரைவர் தாண்டவராயன் ராயப்பனின் சிநேகிதர். "என் மருமவ எறங்கறதுக்கு நான் நிறுத்த மாட்டனா? பெட்டியை நானே எறக்கி வெக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

எஞ்சின் ஊதியது. தாயும் மகளும் ஏறி, தகரப் பெட்டியைக் கதவோரம் வைத்துக்கொண்டார்கள். வண்டி அசைந்த நேரத்தில் சோலா தொப்பி வைத்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எஞ்சினில் ஏறினார். செபஸ்தியம்மாள் அதைப் பார்த்தாள். யாரோ பெரிய மனுஷர் என்று நினைத்துக்கொண்டாள்.

ராயப்பனும் பார்த்தார். அவருக்கு அது யார் என்று தெரியும். எஞ்சின் ஓட்டுகிறவர்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். கையாட்டிக்கொண்டிருந்த அவருடைய கை அப்படியே நின்றது.

"இன்னா ராயப்பா, அழுவுறியா?" என்றார் தொம்மை.

"அடுத்த பாசஞ்சர் எப்ப?" என்றார் ராயப்பன்.

ஆலேரிப்பாக்கம் நெருங்கியதும் லூர்துமேரி வழியனுப்ப வந்தவர்கள் போட்ட மாலைகளைக் கழற்றிவிட்டுக் கதவருகே வந்து நின்றாள். வேகம் குறைந்தது. பிளாட்பாரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்ற போர்ட்டர் தெரிந்தார். ஆனால் வண்டி சட்டம் சொல்கிற அளவுக்குத்தான் குறைந்தது. தாண்டவராயன் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. எஞ்சினிலிருந்து தலையை நீட்டிப் பின்னால் பார்த்த தாண்டவராயன், இரண்டு விரலால் தலைமேல் தொப்பி மாதிரி வளைத்துக் காட்டி, கையை விரித்தார்.

"யம்மா, குதிச்சிடறேன். பெட்டியைத் தூக்கிப் போடு."

செபஸ்தியம்மாள் மகளுடைய பின்னலைப் பிடித்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "கால் ஒடைஞ்சா எந்த காலேஜுல சேப்பாங்க? நில்லு."

பிளாட்பாரம் முடிந்தது. புளியமரம் வந்தது. வளைந்த கொட்டகைகள் வந்தன. வாசலில் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. ஒரு பையன் வண்டியைப் பார்த்துக் கையாட்டினான். பிறகு ஏரிக்கரை அதை மறைத்துவிட்டது.

"நீ வெளங்க மாட்டே தாண்டவராயா" என்று செபஸ்தியம்மாள் எஞ்சின் இருந்த திசையைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பிரயாணி ஒருவர், "யாரும்மா தாண்டவராயன்?" என்று கேட்டார். "இந்த வண்டியை ஓட்டறவன்" என்றாள். அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அன்றைக்கு நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் இடம். பெயர்கள் மத்தியான வண்டியில் சென்னைக்குப் போயாக வேண்டும். சரித்திரப் பிரிவில் யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்கு என்று காத்திருந்தவர்கள் உண்டு. இது இருவருக்கும் தெரியும்.

திண்டிவனத்தில் வண்டி நின்றதும் பெட்டியை இறக்கினார்கள். இறக்கி நிமிர்ந்தபோது எதிரே மதர் தெரேசியா நின்றார். அவருக்குப் பின்னால் லூர்துமேரியோடு படித்த ஜெயமும் இன்னொரு பெண்ணும், கையில் மூட்டையோடு. அந்த வருஷம் சென்னைக்குப் போகும் பெண்களை அவரே அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"தோத்திரம் மதர்" என்றாள் செபஸ்தியம்மாள்.

மதர் பெட்டியைப் பார்த்தார், லூர்துமேரியின் தோளில் ஒட்டியிருந்த சாமந்தி இதழ்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டியா? எனக்குத் தெரியும், வருவேன்னு. உன் இடத்தை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கலை. ஏன் இறங்கிட்டே? ஏறு, ஏறு, நம்ம பெட்டி பின்னால இருக்கு."

"இல்லைங்க மதர். ஆலேரிப்பாக்கத்துல எறங்க வேண்டியது. வண்டி நிக்கல."

"நிக்காத வண்டியில ஏன் ஏறினே?"

லூர்துமேரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேற்கூரையைப் பார்த்தாள்.

மதருக்குக் கோபம் வரவில்லை. அருகே வந்து தணிந்த குரலில் பேசினார். "கேளு மேரி. அங்கே எலெக்ட்ரிக் விளக்கு இருக்கு. பெரிய லைப்ரரி இருக்கு. கோயில் உள்ளேயே இருக்கு. நாற்பது வருஷமா பெண்களைப் படிக்க வைக்கிற இடம். நீ சொல்ற இடத்துல போன வருஷம் சிப்பாய்கள் படுத்துக் கிடந்தாங்க. அடுத்த வருஷம் அது இருக்குமான்னு சர்க்காருக்கே தெரியாது. பையன்களுக்கு நடுவுல உட்காரணும். உங்கப்பா பாஸ் எது வரைக்கும்?"

"மெட்ராஸ் வரைக்கும்" என்றாள் செபஸ்தியம்மாள். சொல்லிவிட்டுப் பாஸை இடுப்பிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மாறியிருக்குமோ என்கிற மாதிரி. பிறகு மகளிடம், "ஏ மேரி. ஆலேரிப்பாக்கம் போவ நேரம் போதாது போலக்கீதே. மதரும் இங்க நிக்கறாங்க. வண்டியும் நிக்குது. ஒருவேளை கடவுள் சித்தம் இப்பிடித்தானோ?"

"கடவுள் சித்தம் இல்லம்மா. தாண்டவராயன் மாமா சித்தம்."

ஜெயம் சிரிப்பை அடக்க மூட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மதர்" என்றாள் லூர்துமேரி. "உங்க கையால படிச்சேன். அதை மறக்கல. அங்க போனா எனக்கு நல்லது பண்ணுவீங்க, தெரியும். சமைக்கிறதுக்கும் நான் அஞ்சல. ஆனா அது நீங்க எனக்காகக் கேட்டு வாங்கின இடம். ஆலேரிப்பாக்கத்துல என் மார்க்கைப் பார்த்து என் பேர் எழுதியிருக்காங்க. மிராசுதார் வூட்டுப் பையன் பேர் எந்தத் தாள்ல இருக்குதோ அதே தாள்ல. அது தகரக் கொட்டாய்தான். நமக்குன்னு சர்க்கார் தொறந்த கொட்டாய். நாங்க போய் உட்காரலேன்னா அது ஒரே வருஷத்துல மூடித்தான் போவும்."

கார்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார். மதர் லூர்துமேரியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார்.

"மார்க்கெட்டண்டை விழுப்புரம் பஸ் நிக்கும். ஓடு" என்றார். ஏறிக்கொண்டே திரும்பி, "அங்கே யாராவது உன்னை ஏதாவது சொன்னா எனக்கு எழுது. நான் வந்து கேட்கிறேன்" என்றார்.

பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் ஓடினார்கள்.

அந்த நாட்களில் பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் அடுப்பு மாதிரி ஒரு தொட்டி. அதில் கரியைப் போட்டுக் கிளறினால் வருகிற புகையில் எஞ்சின் நடக்கும். அவர்கள் ஏறிய பஸ் திண்டிவனத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஒருமுறை நின்றது. மேட்டில் இன்னொருமுறை நின்றது. கண்டக்டர் கிருஷ்ணசாமி கீழே இறங்கி, "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க. ஜல்தி" என்றார்.

செபஸ்தியம்மாளும் இறங்கினாள். நிலக்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்குகிற தோள் அவளுடையது.

"நீ குந்தும்மா, ஆம்பளைங்களைத்தான் கூப்ட்டேன்."

"உன் ஆம்பளைங்க தள்ளி இது எப்பப் போவும்? என் பொண்ணு மத்தியானத்துக்குள்ள காலேஜுல கையெழுத்துப் போடணும்."

"காலேஜா? எந்த காலேஜு?"

"ஆலேரிப்பாக்கம்."

"அந்தப் பட்டாளத்துக் கொட்டாயா? அங்க காலேஜு தொறந்துட்டாங்களா?" கண்டக்டர் ஜன்னல் வழியே லூர்துமேரியைப் பார்த்தார். "பொண்ணுங்களையும் சேக்கறாங்களா?"

"சேத்தாச்சி. நீ தள்ளு."

அவர் தள்ளினார். அதற்குப் பிறகு வழியில் கைகாட்டிய இரண்டு பேருக்காக அவர் பஸ்ஸை நிறுத்தவில்லை.

இதே நேரத்தில் ஆலேரிப்பாக்கத்தில் ராயப்பன் கொட்டகையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்து வந்த பாசஞ்சரில் ஏறி இறங்கியிருந்தார். ஸ்டேஷன் போர்ட்டர் அவரிடம், எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனதையும் கதவில் ஒரு பெண் நின்றதையும் சொல்லியிருந்தார். கொட்டகை முழுக்க மாணவர்களும் அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும். கரைவேட்டி கட்டியவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தா வேங்கடேசன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

"ஆர். லூர்துமேரி."

யாரும் எழவில்லை.

"லூர்துமேரி. சரித்திரம்." வேங்கடேசன் பேனாவை மையில் தோய்த்தார். "வரலை. அடுத்து..."

"இருக்குதுங்க" என்று ராயப்பன் எழுந்தார். "வந்துக்கினு இருக்குது."

பிரின்சிபால் விருத்தாசலம் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "எங்கே இருந்து வருது?"

"திண்டிவனத்துல இருந்துங்க."

"நீங்க விழுப்புரம் இல்லையா? பொண்ணு ஏன் திண்டிவனத்துல இருந்து வரணும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராயப்பன் சொல்லத் தொடங்கினார். சென்னையில் இடம் கிடைத்தது, பாஸ் வாங்கியது, ஊரில் சென்னை என்று சொன்னது, மாற்றிச் சொல்ல வெட்கப்பட்டது, மாலை, ஜெபம், வளையம், தாண்டவராயன், இன்ஸ்பெக்டர். நடுவில் எங்காவது நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு கொட்டகையே சிரித்தது. தகரத்தில் அந்தச் சிரிப்பு பெரிதாகக் கேட்டது.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. "ஏன் வெட்கம்?"

"மெட்ராஸ்னா எங்காளுங்களுக்குப் புரியும் சார். கட்டடம் இருக்கும், கடியாரம் இருக்கும். இங்க வந்து காட்டுன்னா நான் இன்னாத்தைக் காட்டுவேன்?"

"நியாயம்தான். என் மாமனாருக்கே நான் இன்னும் காட்டலை" என்றார் விருத்தாசலம். பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார். "பாஸ் மெட்ராஸ் வரைக்கும்னு சொல்றீங்க. அந்த வண்டி மெட்ராஸ் போகுது. அங்கே அவளுக்கு ஒரு இடமும் இருக்கு. அவள் திண்டிவனத்தில் இறங்கினாள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராயப்பனுக்குத் தெரியாது. பாசஞ்சரில் வரும்போது முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். மகள் எழும்பூர் வரைக்கும் போய்விட்டால் தான் ஊரில் சொன்னது பொய்யில்லை என்றுகூட ஒருமுறை தோன்றியது. அந்த எண்ணம் வந்ததுமே, அவரே எதிர்பாராத வகையில், அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்படிச் செய்யக் கூடாது என்று அவர் விரும்பினார். எத்தனை வெட்கமானாலும் இந்தக் கொட்டகைக்கே வர வேண்டும் என்று விரும்பினார்.

"எறங்கியிருப்பா சார்" என்றார். "இந்த இடம் வேணும்னு அவதான் சொன்னா. நாங்க யாரும் சொல்லல. அவளா எடுத்த முடிவை அவ வுட மாட்டா. மத்தவங்க பேரையெல்லாம் கூப்பிடுங்க. வண்டி வர வரைக்கும் அந்த எடத்தை மட்டும் வெச்சிக்கினு இருங்க. வரலேன்னா நானே வந்து பேரை அடிச்சிடுங்கன்னு சொல்றேன்."

முன்வரிசையில் திருவெண்ணெய்நல்லூர் மிராசுதார் ஒருவர் இருந்தார். காத்திருந்தவர்களில் முதல் ஆள் அவருடைய மகன். "பிரின்சிபால் சார், வராத ஆளுக்கு எடம் வெக்கிறது எந்த ரூல்?" என்றார்.

"வண்டி வரும்வரை நேரம் இருக்கு. அது ரூல்தான்" என்றார் விருத்தாசலம். "வேங்கடேசன், அடுத்த பேர்."

பெயர்கள் முடிந்தன. வேங்கடேசன் தபால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தூரத்தில், விக்கிரவாண்டிப் பக்கம், மத்தியான வண்டி ஊதுவது கேட்டது. ராயப்பன் வாசலுக்குப் போய் நின்றார். ஸ்டேஷன் பக்கம் பார்க்கவில்லை, ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

ஏரிக்கரை மேல் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் தலையில் பெட்டி. பின்னால் வந்தவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் பின்னால் வந்தவள் முன்னால் வந்தவளைத் தாண்டினாள்.

லூர்துமேரி கொட்டகைக்குள் நுழைந்தபோது முகமெல்லாம் கரிப்புகை. கால் முழுக்கச் செம்மண். அப்பாவைப் பார்த்தாள்; அங்கே அவர் இருப்பதற்கு ஆச்சரியப்படக்கூட நேரமில்லை. நேரே மேஜைக்குப் போனாள்.

"ஆர். லூர்துமேரி, சார்."

வேங்கடேசன் பேனாவைக் கொடுத்தார். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினாள். வேங்கடேசன் மை காய்வதற்குள் தாளை ஊதிக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினார். முன்வரிசையிலிருந்த மிராசுதார் தன் மகனைப் பார்த்து, "பொருளாதாரத்துல எடம் இருக்குதான்னு கேளு" என்றார்.

பின்னாலேயே வந்து சேர்ந்த செபஸ்தியம்மாள் பெட்டியை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "மதரைப் பார்த்தோம்" என்றாள் கணவனிடம். "ஏறுன்னாங்க. நான்கூட ஏறலாமோன்னு பார்த்தேன்."

"இவ இன்னா சொன்னா?"

"பேசினா பாரு. வக்கீல் மாதிரி. நின்னு கேட்டேன்." செபஸ்தியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம பொண்ணாண்டை இவ்ளோ பேச்சு இருக்குதுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

ராயப்பன் மேல்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று அதற்குப் பிறகு தெரிந்தது. அன்று கையெழுத்து மட்டும்தான். வகுப்பு திங்கட்கிழமை. பெண்கள் தங்கும் கொட்டகைக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டு வர வேண்டியது.

சாயந்தர பாசஞ்சர் விழுப்புரத்தை நெருங்கும்போது லூர்துமேரி இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "காலையில மெட்ராஸ் போனவ சாயந்தரம் படிச்சி முடிச்சி வந்துட்டா யப்பா."

"அந்தப் பக்கமா எறங்கிடலாம்" என்றாள் செபஸ்தியம்மாள். "கரி மேட்டைச் சுத்திக்கினு பின்னாலயே வூட்டுக்குப் போயிடலாம். யாரும் பார்க்க மாட்டாங்க."

ரயில்வே ஆட்களுக்கு அது பழகின வழிதான். வண்டி நின்றதும் ராயப்பன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பிளாட்பாரப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

வேலை முடிந்து தொம்மை விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தார். உபதேசியார் சவுரிராயனும் இருந்தார். முதலில் ராயப்பனையும், பிறகு அவர் பின்னால் இறங்கிய இருவரையும் பார்த்தார்கள். உபதேசியாரின் வாய் திறந்தபடி நின்றது.

"இன்னா ராயப்பா, மெட்ராஸ்ல எடம் இல்லேன்னுட்டாங்களா?" என்றார் தொம்மை, மெதுவாக, துக்கம் விசாரிக்கிற குரலில்.

"மெட்ராஸ்ல எடம் குடுத்தாங்க. என் பொண்ணு வேணாம்னுட்டா."

"வேணாம்னுட்டாளா?"

"ஆலேரிப்பாக்கம் சர்க்கார் காலேஜுல சேந்திருக்கா. சரித்திரம். மார்க்கைப் பார்த்துக் கூப்ட்டாங்க." ராயப்பனின் குரல் வர வர உயர்ந்தது. அடுத்த பிளாட்பாரத்தில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முறுக்குக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். "பிரின்சிபாலு நம்மளை நாற்காலியில குந்த வெச்சிப் பேசறாரு. திருவெண்ணெய்நல்லூர் மிராசுதார் அங்க பெஞ்சுல குந்தியிருந்தாரு, நானும் பெஞ்சுல குந்தியிருந்தேன். ஏரியோரம், காத்து அள்ளிக்கினு போவுது. ரெண்டு கொட்டாய் முழுக்க பொஸ்தகம்."

"ஒரு அலமாரிதான்" என்றாள் செபஸ்தியம்மாள்.

"இப்ப அலமாரி. அடுத்த வருஷம் பாரு."

"ஆலேரிப்பாக்கமா" என்று தொம்மை யோசித்தார். அவருடைய மகன் முத்துசாமி அப்போது பத்தாவதில் இருந்தான். "அங்க சேர இன்னா மார்க்கு வேணும்?"

ராயப்பன் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். அவருக்கு அந்த விவரம் தெரியவில்லை. "மேரி, நீ சொல்லு" என்றார்.

லூர்துமேரி பெட்டியின்மேல் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். உபதேசியாரும் கிட்டே வந்து நின்று கேட்டார்.